பெல்ட்டுக்கு எடை போட்டவன்

எங்கள் பக்கத்தில் யாரும் தப்பு செய்வதில்லை. அறுவடை வண்டி வயலில் நின்றுபோனால் டீசல் சரியில்லை என்பான் டிரைவர். டிரைவர் சரியில்லை என்பான் மெக்கானிக். சேறு சரியில்லை என்பார் வண்டியை விற்றவர். சேற்றில் ஓடத்தானே ஐயா பெல்ட் வண்டி வாங்கினோம் என்று கேட்டால், "அது வேற சேறும்மா" என்பார். நானும் அதே ஊர்க்காரிதான். ஐம்பத்திரண்டு வயதில் "என் தப்பு" என்று நான் சொன்ன நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். விரல் மிச்சமும் இருக்கும்.

நான் சொல்லப்போகிறவன் வாயைத் திறந்தாலே அதைத்தான் சொல்வான். அதனால் முதலில் அவனைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வந்தது.

என் வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் அவனைப் பற்றிச் சொல்ல முடியும். ஜப்பானில் செய்த பழைய நெல் அறுவடை வண்டி. மூன்றாவது கையாக வாங்கியது. டயருக்குப் பதில் இரண்டு பக்கமும் அகலமான ரப்பர் பெல்ட். ஏரிக்குக் கீழே இருக்கும் வயலில் டயர் வண்டி இறங்கினால் புதைந்துவிடும். இது மிதந்துகொண்டு போகும். பட்டன்களுக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததை இந்த மாவட்டத்தில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்த மாடலைச் செய்வதையே நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் வாங்கிப் போட்டுவிட்டு மூன்றாம் வருடம் போய்ச் சேர்ந்தார். வித்துடு, வித்துடு என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அதனாலேயே விற்கவில்லை.

அவன் கண்டமங்கலம் பக்கம். தினமும் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய் வருவான். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி பார்ப்பான். முப்பது வயது இருக்கும். சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நேராக வந்துவிடுவான். அதைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடித்து, பைக் சீட்டின் மேல் வைத்துவிட்டுத்தான் வண்டிக்கு அடியில் போவான். வேலை முடிந்ததும் துணி சோப்புத் தூளும் மணலும் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி வெள்ளைச் சட்டை. வந்த மாதிரியே போவான்.

முதல் தடவை அவன் பெல்ட்டை டைட் செய்து கொடுத்தான். மறுநாள் வயலில் வண்டி திரும்பும்போது பெல்ட் கழன்று சேற்றில் படுத்துக்கொண்டது. அதைத் திரும்ப ஏற்றுவது நாலு ஆள் வேலை. போன் பண்ணினேன். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்தான். அவன் வரப்பில் கால் வைக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

"ஏன்டா, நீ டைட் பண்ண லட்சணமா இது?"

"ஆமாங்கா. என் தப்புதான்."

"இன்னாடா ஆமாங்கா?"

"வண்டிய தரையில வச்சிக்கினே டைட் பண்ணிட்டேன். தூக்கி வச்சிப் பாத்திருக்கணும். வண்டி வெய்ட்டுல பெல்ட்டு டைட்டா கீறாப்பல தெரிஞ்சிது. ஏமாந்துட்டேன்."

திட்டுவதற்கு எவ்வளவோ எடுத்து வைத்திருந்தேன். அவன் டீசலைக் குறை சொல்வான், அதற்கு ஒரு பதில். டிரைவரைக் குறை சொல்வான், அதற்கு ஒரு பதில். எல்லாம் வீண். அவனோடு சேர்ந்து பெல்ட்டை இழுத்ததுதான் மிச்சம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது பையில் பத்துக் கிலோ எடைக்கல் ஒன்று வைத்திருந்தான். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, அடியில் பனங்கட்டைகளை அடுக்கி நிறுத்தினான். தொங்கிய பெல்ட்டின் நடுவில் அந்த எடைக்கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். பெல்ட் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று படுத்துக்கொண்டு டேப் வைத்து அளந்தான். என் டிரைவர் ஏழுமலைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்னாபா, பெல்ட்டு எத்தினி கிலோ வருது? எனக்கு அரைக் கிலோ போடு, கொழம்புக்கு."

"உனக்குப் பல்லு வேணும்யா அத கடிக்க," என்றான் அவன், அடியிலிருந்தே.

இதை எங்கே கற்றாய் என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினான். எங்கோ ஒரு குளிர் நாடு. வீடு, மரம், ரோடு எல்லாம் வெள்ளை. முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் ரப்பர் பெல்ட் வைத்த ஒரு சின்ன வண்டி. ஸ்கூட்டர் மாதிரி உட்கார்ந்து ஓட்டுவது. ரொம்பப் பழைய வண்டி, பெயிண்ட் போயிருந்தது. நீலக் குல்லா போட்ட ஒரு பெண் அதை ரிப்பேர் செய்துகொண்டிருந்தாள். கை நிறைய கிரீஸ். பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட்டில் எடையைத் தொங்கவிட்டு அளந்தாள். என்ன பேசினாள் என்று அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. கை செய்வது புரிந்தது.

"நம்ம வண்டிக்கு எவனும் வீடியோ போடலக்கா. இது பனியில ஓடுறது. ஆனா பெல்ட்டுக்கு சேறும் பனியும் ஒண்ணுதான். ரெண்டும் உள்ள போயி அடைக்கும், ரெண்டும் இழுக்கும்."

"அவளுக்கு டிரைவர் யாரு?" என்றேன்.

"அவங்களே ஓட்டிக்கிறாங்க."

"குடுத்து வச்சவ," என்று ஏழுமலை காதில் விழும்படி சொன்னேன்.

அதற்கப்புறம் அந்தக் காரணத்துக்காக என் பெல்ட் கழலவில்லை. வேறு காரணங்களுக்குக் கழன்றது. அப்போதெல்லாம் அவன் செய்கிற முதல் வேலை, தான் கடைசியாக என்ன செய்தோம் என்று விரல் விட்டு எண்ணுவது. நெல்லைப் பிரிக்கும் பகுதியில் ஓடும் பெல்ட் ஒன்று கிடைக்காமல், பழசைத் தோளில் மாட்டிக்கொண்டு திண்டிவனத்தில் கடைகடையாக ஏறி, கடைசியில் ரைஸ்மில் சாமான் விற்கும் கடையில் அதே நீளத்தில் ஒன்றைப் பிடித்து வந்தான். போட்டான். இரண்டு நாளில் சூடேறி நாறியது. "அகலத்த பாத்தேன், நீளத்த பாத்தேன், பெல்ட்டு ஒக்கார்ற பள்ளத்தோட சாய்வ பாக்கல. என் தப்பு," என்று மறுபடி திண்டிவனம் போனான். கடைக்காரன் மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாக இருந்தால் கடையை இரண்டாக்கியிருப்பேன்.

அவன் மனைவியோடு ஒருமுறை போனில் பேசிக்கொண்டிருந்தேன். "வூட்ல ஒரு சண்டை போட முடியலங்க இந்தாளோட," என்றாள். "நான் வாயத் தொறக்கறதுக்குள்ள என் தப்புன்னுடுறாரு. அப்பால நான் யாரோட சண்டை போடுறது, செவுத்தோடவா?"

இதனால் அவனுக்குக் கெடுதலும் வந்தது. வல்லத்தில் ஒருத்தன், ஆயிலே ஊற்றாமல் வண்டியை ஓட்டி இன்ஜினை இறுகிப் பிடிக்க வைத்துவிட்டான். இவன் போய்ப் பார்த்துவிட்டு, "போன வாரம் வந்தப்ப ஆயில் அளக்கற குச்சிய எடுத்து நான் ஒரு தபா பாத்துட்டுப் போயிருக்கணும்," என்று சொல்லித் தொலைத்தான். அவ்வளவுதான். வல்லத்துக்காரன் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டான். மெக்கானிக்கே ஒத்துக்கினான், மெக்கானிக்கே ஒத்துக்கினான் என்று செஞ்சி வரைக்கும் சொன்னான். அந்த வருடம் அந்தப் பக்கம் அவனை ஒருத்தரும் கூப்பிடவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரட்டுமா? ஆயில் ஊத்தாதது அவன். நீ ஏன்டா போயி தலைய குடுக்கற?"

"ஆயில் ஊத்தாதது அவரு தப்புதான்கா. அத நான் என் தப்புன்னு சொல்லல. குச்சிய பாக்காதது என்னோடது. அத மட்டுந்தான் சொன்னேன்."

"சொல்லி இன்னா கெடைச்சிது?"

"என் தப்பு எதுன்னு தெரிஞ்சா அத நான் சரி பண்ணிக்கலாம். அவரு தப்ப நான் எப்பிடிக்கா சரி பண்றது?"

பைத்தியம் என்று நினைத்தேன். அதை அவனிடமே சொல்லவும் சொன்னேன். சிரித்தான்.

அவனைச் சாது என்று யாரும் நினைக்க வேண்டாம். தான் செய்யாததைத் தலையில் ஏற்றினால் விடமாட்டான். "நீ கிரீஸ் அடிக்கல, அதான் கத்துது," என்று ஏழுமலை ஒருநாள் சொன்னதற்கு, அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். "இத பாரு புது கிரீஸ். இதயும் பாரு. இது நான் அடிச்சது. நீ வைக்கோல எடுக்காம ஓட்டியிருக்க, அது சுத்திக்கினு கத்துது. உன்னோடத நீ வச்சிக்க."

இப்போது அவன் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய பட்டறையில் இருக்கிறான். அவனுக்குக் கீழே நிறைய பேர் வேலை செய்கிறார்களாம். அவர்கள் என்ன பாடு படுகிறார்களோ. நான் எழுத வந்தது அவன் இங்கிருந்த கடைசிக்கு முந்தின வருடம் நடந்தது.

அறுப்பு முடிந்தால் எங்கள் ஊரில் வண்டியை ஷெட்டில் தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். அடுத்த தை மாதம்தான் திறப்பார்கள். அவன் அதற்கு விடமாட்டான். "அந்த பனி வண்டி அங்க வெயில் காலம் பூரா தூங்குது. நம்ம வண்டி இங்க ஏழெட்டு மாசம் தூங்குது. தூங்க வைக்கறதுலதான்கா கீது எல்லாம்," என்பான். அந்த நீலக் குல்லாக்காரி செய்ததையெல்லாம் எங்கள் ஷெட்டில் செய்தான். வண்டியைக் கட்டை மேல் ஏற்றி, பெல்ட்டைத் தளர்த்திவிட்டான். புகை போகும் குழாயின் வாயில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை அடைத்தான், எலி போகாமல் இருக்க. டீசல் டேங்கை முட்ட நிரப்பினான்; குறைவாக இருந்தால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் சேருமாம். நெல் விழும் டேங்கை மட்டும் காற்றடித்து, துடைப்பம் போட்டு, கடைசியில் கையால் தடவி, ஒரு நெல் இல்லாமல் சுத்தம் செய்தான். மேல் மூடியின் இடுக்கு வழியாக எலி புகாமல் உள்ளே கம்பி வலை கட்டினான்.

அவன் போன பிறகு நான் செய்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் நெல் வைக்கிற எதையும் வெறுமையாக மூடமாட்டோம். மரக்காலானாலும் சரி, மூட்டை வைக்கும் அறையானாலும் சரி, ஒரு பிடி நெல் இருக்க வேண்டும். என் மாமியார் அப்படித்தான் செய்தார், நானும் அப்படித்தான். அவன் டீசல் டேங்கை நிரப்பிவிட்டு நெல் டேங்கைத் துடைத்து வைத்தது எனக்கு மனசே கேட்கவில்லை. மாலை ஷெட்டைத் திறந்து, வலையை அவிழ்த்து, மஞ்சள் தடவிய நெல் ஒரு பிடி உள்ளே போட்டேன். மூடியை மூடினேன். வலையைத் திரும்பக் கட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

தை பிறந்தது. அவன் வந்து, குழாயில் அடைத்த நாரை எடுத்து, பெல்ட்டை இறுக்கி, பேட்டரியை மாட்டிவிட்டுப் போனான்; மூடியிருந்த நெல் டேங்கைத் திறக்கும் வேலை வரவில்லை. அறுப்புக்கு வண்டி கேட்டு முதல் ஆளாக என்னிடம் வந்தவள் அஞ்சலை. பல வருடமாக எங்கள் வயலிலும் அடுத்தவர் வயலிலும் நாற்று நட்டவள், களை எடுத்தவள். அந்த வருடம்தான் முதல் தடவையாகப் பனமலை ஏரிக்குக் கீழே ஒன்றரைக் காணி குத்தகைக்குப் பிடித்து, புருஷனும் அவளுமாக நட்டிருந்தார்கள். நெல் பழுத்து நிற்கும்போது இரண்டு நாள் மழை அடித்தது. பயிர் மொத்தமும் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. டயர் வண்டிக்காரன் வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். இன்னும் இரண்டு நாள் கிடந்தால் முளைத்துவிடும். முளைத்த நெல்லை மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

காலையில் வண்டியை இறக்கினோம். முதல் ஸ்டார்ட்டிலேயே எடுத்தது. இரண்டு சுற்று அழகாக வந்தது. மூன்றாவது சுற்றில், வயலுக்கு நட்டநடுவில், மூச்சை நிறுத்தின மாதிரி நின்றுவிட்டது. ஏழுமலை சாவியைத் திருகித் திருகிப் பார்த்தான். சுற்றியது, பிடிக்கவில்லை.

அவனுக்குப் போன் போட்டோம். பதினோரு மணிக்கெல்லாம் வந்துவிட்டான். கம்பெனிச் சட்டையை மடித்துச் சீட்டில் வைத்தான். அதற்குள் அஞ்சலையின் புருஷன் அவனைப் பிடித்துக்கொண்டான்.

"யோவ், சீசனுக்கு வண்டிய ரெடி பண்ணது நீதான?"

"ஆமாங்க. எதையோ வுட்டுட்டிருக்கேன். பாக்கறேன் இருங்க."

"வுட்டுட்டியா? எங்க நெல்லு தண்ணியில ஊறிக்கினு கீது, நீ சாவகாசமா வுட்டுட்டேன்ற! வாங்கடா, இவன கட்டி வைங்கடா இங்கியே!"

அவன் சேற்றில் இறங்கி வண்டியிடம் போய், விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். டீசல் நிரப்பினேன். குழாய அடைச்சேன், எடுத்தேன். பேட்டரி மாட்டினேன். டேங்கு தொடைச்சேன், வலை கட்டினேன். எண்ணி முடித்துவிட்டுக் கரையைப் பார்த்துக் கேட்டான்.

"நான் மூடினதுக்கு அப்பால யாராச்சும் எதனா தொறந்தீங்களா?"

"நான் சாவியே தொடலபா," என்றான் ஏழுமலை.

அவன் என்னைப் பார்த்தான். சந்தேகமாக இல்லை, மணி கேட்கிற மாதிரி. கரையில் பதினைந்து இருபது பேர் நின்றார்கள். நான் சொன்னேன்: "ஷெட்டு பூட்டித்தான கெடந்துது."

அது பொய் இல்லை. பதிலும் இல்லை. அவன் அதை நம்பினான். நம்பி, டீசல் வரும் வழி முழுவதையும் கழற்ற ஆரம்பித்தான். வடிகட்டியைக் கழற்றினான். குழாயைக் கழற்றி ஊதினான். ஒரு மணி நேரம். அவன் முகத்தில், காதில், வாயில் டீசல். அஞ்சலையின் புருஷன் கரையிலிருந்து திட்டிக்கொண்டே இருந்தான். அவன் ஒவ்வொன்றையும் மாட்டிவிட்டு, "இது இல்ல," என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டான். பனமலைக் கோயிலுக்குப் பின்னால் மறுபடி மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

அப்போது அஞ்சலை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். கையில் அரிவாள். வயலின் ஒரு மூலையில் குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, சாய்ந்து கிடந்த கதிரைத் தூக்கித் தூக்கி அறுக்க ஆரம்பித்தாள். ஒன்றரைக் காணி. தனி ஆள்.

நான் வாயைத் திறந்தது நல்லவள் என்பதால் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். செருப்பை வரப்பில் விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கிப் போனேன்.

"டேய். நெல்லு டேங்க் மூடிய நான் தொறந்தேன்டா."

அவன் தலையைத் தூக்கினான். "எப்பக்கா?"

"நீ போன அன்னிக்கே. ஒரு பிடி நெல்லு போட்டேன், மஞ்சள் தடவி. காலியா வைக்கக் கூடாதுன்னு."

"எந்த மூடி? மேல் மூடியா, பக்கத்து மூடியா?"

"மேல் மூடி. வலைய திரும்பக் கட்டல."

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். ஆனால் வயலில் குரல் எங்கும் போகும். அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள். என்னை "யம்மா, யம்மா" என்று கூப்பிட்டே பழகியவள். "எலிக்கா படையல் போட்ட நீ?" என்றாள். மரியாதையைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை.

அவன் இதையெல்லாம் கேட்கவே இல்லை. தொலைந்த சாவி எங்கே இருக்கும் என்று ஞாபகம் வந்தவன் மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. அதற்குள் வண்டி மேல் ஏறி, நெல் டேங்குக்குப் பின்னால் இருந்த தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். உள்ளே வைக்கோலும் கிழிந்த சாக்கும் வைத்து ஒரு எலிக்கூடு. மஞ்சள் உமி. எலி எப்போதோ போய்விட்டது. போகும் முன் மூன்று வயரைக் கடித்து வைத்திருந்தது. காய்ந்திருந்தவரை ஒட்டிக்கொண்டு வேலை செய்த வயர், சேற்றுத் தண்ணீர் தெறித்ததும் விட்டுப்போயிருக்கிறது. இன்ஜினுக்கு டீசல் போகும் வழியைத் திறந்து வைப்பது அதில் ஒன்று.

"நல்லவேள சொன்னீங்க. இத நான் நாளைக்கி வரைக்கும் தேடியிருப்பேன்," என்றான். குத்திக்காட்டவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னான்.

பல்லால் வயரை உரித்து, முறுக்கி, டேப் சுற்றினான். அஞ்சலையின் புருஷனுக்கு இன்னும் ஆறவில்லை. வரப்பிலிருந்து கத்தினான்: "இம்மா நேரம் உன்ன திட்டிக்கினு இருந்தேனே. அந்தம்மாவ நீ ஒரு வார்த்த கேக்க மாட்டியாபா?"

"கேட்டனே," என்றான் அவன், டேப்பைக் கடித்துக்கொண்டே. "எந்த மூடின்னு."

இரண்டாவது ஸ்டார்ட்டில் எடுத்தது. கரும்புகை ஒன்று மேலே போனது. கரையில் இருந்தவர்கள் கத்திய கத்தலில் கொக்கெல்லாம் பறந்தது. ஏழுமலை வண்டியை நகர்த்தினான். வண்டி சுற்றி வரும் வரைக்கும் கரையில் உட்கார் என்று நான் சொன்னதை மெக்கானிக் கேட்கவில்லை. ஒட்டின வயர் இருந்த தகட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தான். ஒன்றரைக் காணியும் நடந்தான். நானும் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தேன். என்னால் முடியவில்லை.

அஞ்சலை இருந்த மூலைக்கு வண்டி வந்தபோது, அதுவரை கையால் அறுத்துப் போட்டிருந்த கதிர்களையெல்லாம் வாரி எடுத்து, வண்டியின் வாயில் அவளே திணித்தாள்.

நெல் டிராக்டரில் ஏறி, தார்ப்பாய் கட்டி, ரோட்டைத் தொடும்போது தூறல் விழுந்தது. ஈரம் இருக்கிறது, இரண்டு நாள் ரோட்டில் காயவைக்க வேண்டும். ஆனால் ஒன்றும் முளைக்கவில்லை. அஞ்சலை ஒரு பிடி அள்ளி, ஒவ்வொரு நெல்லாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள். சேற்றோடு நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

"நவரைப் பட்டத்துக்கும் நடலாம்னு கீறோம்," என்றாள். "அறுப்புக்கு உங்க வண்டிதான். ஆனா எறக்கறதுக்கு முன்னாடி டேங்க்க தொறந்து எனக்குக் காட்டிடணும்."

"காட்டுறேன்," என்றேன்.